பழைய மகோகனிப் படகுக்கு அடிப்பலகை மாற்றும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அல்கோனாக் என்ற ஊரில் கட்டிய பழைய கிறிஸ்-கிராஃப்ட் வேகப்படகுகள் பலவற்றுக்கு அடியில் இரண்டு அடுக்குப் பலகை இருக்கும். நடுவே பசையில் ஊறவைத்த கேன்வாஸ் துணி. இத்தனை வருடத்தில் துணி மக்கி, பலகை உளுத்திருக்கும். ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவசரப்பட்டு எல்லாப் பலகைகளையும் ஒரே நாளில் பெயர்த்துவிடாதீர்கள். பெரிய தவறு இதுதான்.

படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதில் அந்தப் பலகைகளுக்கும் பங்கு உண்டு. அவை போனதும் படகின் முதுகெலும்பு போல அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை தொய்யும், விலா எலும்பு போலக் குறுக்கே நிற்கும் சட்டங்கள் விலகும். அந்தக் கோணலின் மேலேயே புதுப் பலகையை அடித்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். பின்புறம் அடிப்பாகம் உட்குழிந்தால் வேகமெடுக்கும்போது மூக்கு தண்ணீரில் அழுந்தும்; வெளியே புடைத்தால் மூக்கு எழும்பி எழும்பிக் குதிக்கும். அதனால் கழற்றும் முன்பே படகை நன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஒரு நூலை இழுத்துக் கட்டி, இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். பலகை ஏற்றும்போதும் அதே நூலை மறுபடி கட்டிப் பாருங்கள்.

பழைய பலகையை அப்படியே அச்சாக வைத்து வெட்டுவதும் வேண்டாம். அது சுருங்கி வளைந்து போயிருக்கும். சட்டத்தின் மேலேயே மெல்லிய ஒட்டுப்பலகையை வைத்து அளவெடுப்பதுதான் சரி.

அடுத்து ஈரம். மகோகனியில் ஈரப்பதம் 5 சதவீதம் கூடினால் 15 செ.மீ. அகலப் பலகை ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. விரியும். பக்கத்துக்கு எட்டுப் பலகை என்றால் 12 மி.மீ. ஆகிறது! எலும்பாகக் காய்ந்த மரத்தை இடைவெளியே விடாமல் இறுக்கினால், தண்ணீரில் இறங்கியதும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, திருகாணிகளையே பிடுங்கிவிடும். நடுவே துணி வைத்துப் பலகை அடிக்கும் பழைய முறைக்கு 12 முதல் 15 சதவீத ஈரம் பொருத்தம். 3எம் 5200 பசை போட்டு ஒட்டும் புது முறையில், எபாக்சி என்ற பிசினைப் பூசி ஈரம் ஏறாமல் அடைத்துவிடுவார்கள். அங்கே கணக்கு வேறு. எந்த முறை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதி இது, பாதி அது என்று கலக்க வேண்டாம். அப்புறம், 5200 முழுதாக இறுக 5 முதல் 7 நாள் ஆகும். அதுவரை கை வைக்காதீர்கள்.

திருகாணியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சிலிக்கான் வெண்கலம்தான் வேண்டும். பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுகூட, காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அரிக்கும். பழைய துளை தளர்ந்திருந்தால் மரக்குச்சியை ஒட்டி அடைத்து, புதிதாகத் துளையிடுங்கள்.