பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலை நிரப்பும் முன்

முதலில் கட்ஆஃப், அதாவது பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றிப் போடும் கணக்கு. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. 92, 88, 84 எடுத்தவருக்கு 92+44+42 = 178. போன வருடம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் சாதிப் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்று பாருங்கள்.

பலர் சறுக்குவது விருப்பப் பட்டியலின் வரிசையில்தான். ‘இதுதான் கிடைக்கும்’ என்று பயந்து சுமாரான கல்லூரியை முதலில் போட்டுவிடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். கீழே நல்ல கல்லூரி இருந்தாலும் எட்டிப் பார்க்காது. ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். எட்டாத இடத்தை மேலே வைப்பதால் நஷ்டமில்லை. பெயர் ஒரே மாதிரி இருக்கும் கல்லூரிகள் ஏராளம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக இருக்கும் கவுன்சிலிங் கோட் எண்ணைச் சரிபாருங்கள்.

கல்லூரிகள் விளம்பரம் செய்யும் தரச்சான்றுகள் இரண்டு. நாக் (NAAC) தரச்சான்று கல்லூரி முழுமைக்கும். என்பிஏ (NBA) தரச்சான்று அந்தந்தப் பாடப்பிரிவுக்கு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வாசல் பேனரில் போட்டிருப்பார்கள், நீங்கள் சேர்வதோ ஐடி. எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

வேலைவாய்ப்புக் கணக்கில் ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபரை மூன்று பேராக எண்ணுவதுண்டு. துறையில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பஸ், ஹாஸ்டல், பயிற்சிக் கட்டணங்களை எழுத்தில் வாங்குங்கள்.

நேரில் போவதென்றால் வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். விடுமுறையில் எல்லா லேபும் பளபளப்புதான்.