ஏரி உங்களுடையது அல்ல: பவர்போட் கிளப் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

நம் ஊரில் விசைப்படகு என்றால் மீன்பிடிக்கப் போகும் படகுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதுவல்ல, தண்ணீரை லேசாகத் தொட்டுக்கொண்டு பறக்கிற பந்தயப் படகு, அதாவது பவர்போட். அதற்கென்று கிளப் தொடங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்க்க, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி அது. நீளம் சுமார் 17 கிலோமீட்டர். விண்டர்மியர் மோட்டார் படகுப் பந்தய கிளப் 1925இல் அங்கே பிறந்தது. மோட்டார் படகுப் பந்தயமே அப்போது இளசுதான். மோட்டார் படகுகளுக்கான ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையின் முதல் போட்டி அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் நடந்தது 1903இல். கிளப் நன்றாகவே வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏரிக்கரையிலேயே பிராட் லீஸ் என்ற பெரிய வீடு அதன் கைக்கு வந்தது. சி. எஃப். ஏ. வாய்சி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1898இல் வடிவமைத்த வீடு. 1970களில் ஆண்டுதோறும் வேக சாதனைகளுக்கென்று ஒரு வாரமே ஒதுக்கினார்கள். கரையில் இடம் இருந்தது, கோப்பைகள் இருந்தன, வரலாறும் இருந்தது.

2005 மார்ச் 29 அன்று அந்த ஏரியில் மணிக்கு 10 மைல் வேக வரம்பு அமலுக்கு வந்தது. கிலோமீட்டரில் சொன்னால் 16. நம் தெருவில் சைக்கிளை வேகமாக மிதித்தால் தாண்டிவிடலாம்.

இந்த வரம்பை ‘கொஞ்சம் மெதுவாகப் போங்கள்’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. பந்தயப் படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். வேகம் கூடும்போது, தானே எழுப்பிய அலை மேல் ஏறி, அடிப்பாகத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் நீரில் படும்படி வழுக்க ஆரம்பிக்கும். ஏறுவதற்கு முந்தைய இடைப்பட்ட வேகத்தில்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு தடுமாறும். அந்த இடத்திலேயே நிற்க வைத்தால் பந்தயம் ஏது?

இது ஒரே இரவில் வந்ததும் இல்லை. அந்த ஏரி இருக்கும் தேசியப் பூங்காவின் நிர்வாகம் 1990களிலேயே இதைக் கொண்டுவர முயன்றது. நீண்ட பொது விசாரணை நடந்தது. 2000இல் அரசு ஒப்புதல் கொடுத்து, ஐந்து ஆண்டு அவகாசமும் விட்டது. மற்றவர்கள் வேண்டியதெல்லாம் அமைதியான ஏரி: நீச்சலடிப்பவர்கள், துடுப்புப் படகுக்காரர்கள், கரையில் நடப்பவர்கள். எத்தனை ஆண்டு பழமையான கிளப்பாக இருந்தாலும் அந்தத் தராசில் அது ஒரு தரப்பு மட்டுமே.

கிளப் தொடங்குகிறவர்களின் முதல் தவறு இதில்தான் இருக்கிறது. இத்தனை நாள் யாரும் தடுக்கவில்லை என்பதை உரிமை என்று எண்ணிவிடுகிறார்கள். நீரின் அடித்தளம் யாருக்குச் சொந்தம், வேக விதி போடும் அதிகாரம் யாரிடம், படகு இறக்கும் சரிவு யாருடையது, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை ஒரு படகுகூட வாங்காதீர்கள். அனுமதி கேட்கும்போது ஆண்டு முழுவதையும் கேட்பதும் தவறுதான். குறைவாகக் கேட்டவர்கள்தான் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓல்டன் பிராட் என்ற நீர்நிலையில் 1930களில் தொடங்கிய கிளப்பின் பந்தயங்களுக்கு வியாழக்கிழமை மாலைதான் அடையாளம். என்றைக்குச் சத்தம் வரும், எப்போது அடங்கும் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியும். விண்டர்மியரை இழந்த சாதனை வாரமும் பக்கத்திலுள்ள கோனிஸ்டன் ஏரிக்கு இடம் மாறியது. அங்கேயும் 10 மைல் வரம்புதான். ஆனால் சுற்றுலாக் கூட்டம் கலைந்த நவம்பரில் ஒரு வாரம் மட்டும் விலக்கு கிடைக்கிறது. குளிரில் விரல் விறைத்தாலும், முதன்முறை மணிக்கு 100 மைலைத் தாண்டுகிறவருக்குக் கொடுக்கும் தங்க நட்சத்திரத்துக்காக ஆட்கள் வருகிறார்கள்.

சரி, தண்ணீர் கிடைத்துவிட்டது. அப்புறம் செய்யும் பெரிய தவறு, பாதுகாப்பை ‘வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது.

1930 ஜூன் 13 அன்று அதே விண்டர்மியரில் வேக சாதனையாளர் சர் ஹென்றி சீகிரேவ் மிஸ் இங்கிலாந்து 2 என்ற படகில் மணிக்கு 98.76 மைல் சராசரியோடு உலக சாதனை படைத்தார். எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரண்டு ஓட்டங்களின் சராசரி அது. சாதனை கைக்கு வந்த பிறகு மூன்றாவது ஓட்டம் போனார். படகு கவிழ்ந்தது. கூட இருந்த பொறியாளர் விக்டர் ஹாலிவெல் உயிரிழந்தார், சீகிரேவும் அன்றே இறந்தார். மிதந்துகொண்டிருந்த மரத்துண்டில் மோதியிருக்க வேண்டும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டனில் இன்னொரு வேக சாதனையாளர் டொனால்ட் காம்ப்பெல் முதல் ஓட்டத்தில் மணிக்கு 297.6 மைல் தொட்டார். எரிபொருள் நிரப்பக் காத்திருக்காமல், நீர் அடங்கும் முன்பே திரும்பி ஓடியபோது படகு எழும்பிக் குப்புற விழுந்தது, அவர் இறந்தார். அடங்காத அந்த அலைக்கு இதில் எவ்வளவு பங்கு என்று இன்றும் வாதாடுகிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், கிளப்புக்குத் தேவையான இரண்டு வழக்கங்கள் இவற்றில் தெரிகின்றன. பந்தயத்துக்கு முன் ஒரு படகு தடம் முழுக்கச் சுற்றி மிதப்பவற்றைப் பொறுக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீருக்கு அடங்க நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

இதைவிட அற்பமாகத் தெரியும் விஷயம் ஒன்று உண்டு, கில் கார்டு. சுருள் சுருளாக, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் கயிறு. ஒரு முனை ஓட்டுநரின் காலில், மறுமுனை எஞ்சின் சுவிட்சில். ஓட்டுநர் தூக்கி வீசப்பட்டால் எஞ்சின் நின்றுவிடும். 2013 மே மாதம் கார்ன்வாலில் பேட்ஸ்டோ அருகே ஒரு குடும்பமே வேகப்படகிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்கள் மேலேயே வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அது பந்தயம்கூட இல்லை, விடுமுறை நாள். ‘ஐந்து நிமிஷம்தானே’ என்று கயிறு மாட்டாமல் போகிற மூத்த உறுப்பினரைக் கரைக்கு இறக்கும் துணிச்சல் உங்கள் கிளப்பில் யாருக்கு இருக்கிறது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். மீட்புப் படகும் அப்படித்தான். அதற்கு அன்று வேறு வேலையே இருக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுவர அனுப்பினால் பந்தயத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

எந்தப் படகு என்பதில் ஆசைக்கு அளவே இருப்பதில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் பந்தயம் இருந்தது, பலருக்கு இது தெரியாது. சவுத்தாம்டன் நீர்ப்பரப்பில் 40 கடல் மைல், மூன்று வகுப்புகள், வெளுத்து வாங்கிய காற்று. ஒவ்வொரு வகுப்பிலும் முடித்தது ஒரே ஒரு படகு! அதன் பிறகு ஒலிம்பிக்கில் மோட்டார் படகைப் பதக்கப் போட்டியாகக் காணோம். ஆளுக்கொரு விதமான விலையுயர்ந்த படகு, கொஞ்சமே போட்டியாளர்கள் என்று புதிய கிளப்புகள் இதையே சின்ன அளவில் திரும்பச் செய்கின்றன. ஒரே எஞ்சின், ஒரே விதி, பத்துப் படகு என்று ஆரம்பிப்பதுதான் நல்லது. ஜிடி15 என்று சிறுவர்களுக்கான வகுப்பு இருக்கிறது, 15 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின். அதைச் சேர்க்காத கிளப் இருபது வருடத்தில் நரைத்த தலைகளின் தேநீர்ச் சங்கமாகிவிடும்.

கரையில் நிற்கிறவர்களை மறப்பதும் உண்டு. நேரம் குறிப்பவர், கொடி காட்டுபவர், எடை பார்ப்பவர் எல்லாரும் பெரும்பாலும் ஓட்டுநர்களின் வீட்டு ஆட்கள்தான். அவர்களை ‘உதவியாளர்கள்’ என்று நோட்டில் எழுதாமல் குழுவில் உட்கார வையுங்கள்.

பணம், சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்யாத சங்கத்துக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. யாராவது வழக்குப் போட்டால் அது குழு உறுப்பினர்களின் சொந்தப் பாக்கெட் வரை வரலாம். காப்பீடும் முறையான அமைப்பும் படகுக்கு முன்னால்.

கட்டடத்தைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனது. உறுப்பினர் சேரும் முன் கிளப் ஹவுஸ் கட்டிக் கடனில் மூழ்காதீர்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். விண்டர்மியர்க்காரர்களும் தொடங்கிக் கால் நூற்றாண்டு கழித்தே பிராட் லீஸுக்குப் போனார்கள். ஆனால் ஏரியில் வேகம் போன பிறகும் அந்த வீடு நிற்கிறது. விருந்தினர்களுக்கு அறை கொடுக்கிறார்கள், கல்யாணங்கள் நடக்கின்றன. பந்தயப் படகு பறக்க முடியாத ஏரியைப் பார்த்தபடி, கிளப் 2025இல் நூறு வயதை எட்டியது.