மத்தேயு 2-ஆம் அதிகாரமும் என்னைத் திணறடித்த ‘நசரேயன்’ வசனமும்

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இயேசுவின் குழந்தைப் பருவத் தீர்க்கதரிசனங்களைப் பாடமாக எடுத்தேன். ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி இது.

ஒத்துவாக்கிய வேதாகமம் (தொடர்புள்ள வசனங்களின் எண்களை ஓரத்தில் காட்டும் பதிப்பு), நோட்டு, பென்சில் போதும். செயலி வேண்டாம் என்பது என் கட்சி. திரையில் ஒற்றை வசனம் மட்டும் கண்ணில் படும், அதன் முன்பின் தெரியாது.

படி 1. மத்தேயு நற்செய்தியில் 1:18 முதல் 2:23 வரை வாசித்து, ‘நிறைவேறும்படி’, ‘நிறைவேறிற்று’ என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். நான்கு கிடைக்கும். பெத்லகேம் வசனம் (2:6) இதில் சிக்காது, அது ஏரோது ராஜாவுக்கு வேதபாரகர் (யூத வேத அறிஞர்) சொன்ன பதிலில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் ஐந்து.

படி 2. பழைய ஏற்பாட்டு மூல வசனங்களை எதிரே எழுதுங்கள்: ஏசாயா 7:14, மீகா 5:2, ஓசியா 11:1, எரேமியா 31:15. ஐந்தாவதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

படி 3. ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள். ஓசியா 11:1-இன் முதல் பாதியிலேயே ‘இஸ்ரவேல்’ என்று பேர் இருக்கிறது. மோசே காலத்தில் எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையைத்தான் தீர்க்கதரிசி நினைவுகூருகிறார். யூதர்கள் இன்றும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேல் நடந்த பாதையில் இயேசுவும் நடந்தார் என்று மத்தேயு காண்கிறார். இது பிடிபட்டால் எரேமியா 31:15-இல் வரும் ராகேலின் அழுகையும் புரியும்: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கான புலம்பலை, பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கும் அவர் பொருத்துகிறார்.

படி 4. இப்போது ஐந்தாவது, ‘நசரேயன் என்னப்படுவார்’ (2:23). இந்த வாக்கியம் பழைய ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை. நான் ‘நசரேயன்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போய், நியாயாதிபதிகள் 13:5-இல், பிறந்ததுமுதல் கடவுளுக்கென்று விரதக்காரனான சிம்சோனைக் கண்டுபிடித்து, “இயேசுவும் அதே விரதம் காத்தவர்” என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். “அப்போ திராட்சரசம் குடிக்கக் கூடாதே, அண்ணா? கானாவூர் கல்யாணத்துல அவரே செஞ்சாரே?” என்றான் ஒரு பையன். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

குழப்பம் நம் பழைய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. விரதக்காரனுக்கும் நாசரேத்தூர்க்காரரான இயேசுவுக்கும் அதில் ஒரே சொல். எபிரெயத்தில் விரதக்காரன் ‘நாசீர்’, எழுத்தே வேறு. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சிம்சோனை ‘நாசீர்’ என்றே எழுதுகிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏசாயா 11:1-ஐத் திறங்கள். தாவீதின் தகப்பன் ஈசாயின் வேர்களிலிருந்து எழும்பும் ‘கிளை’க்கு எபிரெயச் சொல் ‘நேட்சேர்’. நாசரேத் என்ற பேரோடு ஒலியும் எழுத்தும் ஒத்துப்போவதால், பலர் மத்தேயு இதைத்தான் நினைத்தார் என்கிறார்கள். சிம்சோன் வசனம்தான் என்பவர்களும் உண்டு. இங்கே மட்டும் ‘தீர்க்கதரிசிகளால்’ என்று பன்மையில் வருவதைக் கவனித்த பழங்கால வேத அறிஞர் ஜெரோம், ஒரே வசனத்தைத் தேட வேண்டாம், பலருடைய கருத்தைத்தான் மத்தேயு எடுக்கிறார் என்றார். எனக்குக் கிளையும் ஜெரோமும் சேர்ந்தே சரியாகப் படுகிறது.

பின்சேர்க்கை: எபிரெயப் பதிப்பில் மீகா 5:2 வேறாக இருக்கிறதே என்று இருவர் கேட்டார்கள். அங்கே அது 5:1; அதிகாரம் பிரிக்கும் இடம் ஒரு வசனம் தள்ளிப்போகிறது. ஏசாயா 7:14-இல் உள்ள ‘அல்மா’வுக்கு இளம்பெண் என்று பொருள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து அதைக் ‘கன்னி’ என்றது, மத்தேயு அதன்படி எழுதினார். இரண்டையும் நோட்டில் ஓரமாகக் குறித்துவிடுங்கள்.