வலைப்பூ தொடங்குகிறீர்களா? இணைப்பு முகவரியைக் கவனியுங்கள்

இணையத்தில் நம்மைப் போன்ற ரசனை உள்ளவர்களைச் சேர்க்க, சொந்த வலைப்பூ நல்ல வழி. 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் கைக்குப் போன வலைப்பூச் சேவையான பிளாகர் இன்றும் இலவசம்தான். ஜிமெயில் இருந்தால் பத்து நிமிட வேலை.

தமிழில் எழுதுபவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பதிவின் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பிளாகர் அதை இணைப்பு முகவரியில் சேர்க்காது. 'பிளாக் போஸ்ட்' என்று எண்ணோடு எதையோ ஒட்டிவிடும். அதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் புரியாது. வெளியிடும் முன் வலப்பக்க அமைப்பில் 'பெர்மாலிங்க்' (பதிவின் நிலையான முகவரி) பகுதிக்குப் போய், இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். முருங்கை வளர்ப்பு என்றால் அதையே ஆங்கில எழுத்தில், நடுவில் சிறுகோடு போட்டு. வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துப்போகும்.

ஆள் சேர்வதற்கு? எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஈ கூட எட்டிப் பார்க்காது. அதே விஷயத்தை எழுதும் நாலு பேரைத் தேடிப் படியுங்கள். 'அருமை' என்று ஒற்றைச் சொல் போடாமல், அவர்கள் விட்ட ஒரு தகவலைச் சேர்த்துக் கருத்திடுங்கள். உங்கள் பதிவில் அவர்கள் பதிவுக்கு இணைப்பும் கொடுங்கள். 'என்னைப் பற்றி' பக்கத்தில் மின்னஞ்சல் இருக்கட்டும். தொலைபேசி எண் வேண்டாம்.

மாதம் ஒருமுறை அமைப்புகளில் போய்ப் பதிவுகளை நகலெடுத்து வையுங்கள்.