கல்யாண வீடியோவுக்கு எந்த எஸ்எஸ்டி வாங்குவது?

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் நிறைய வருவார்கள். "அண்ணே, ஒரு டிபி எஸ்எஸ்டி, இருக்கிறதிலேயே கம்மி விலையில போடுங்க" என்பார்கள். அதில் என்ன வேலை நடக்கும் என்றுதான் முதலில் கேட்பேன்.

விண்டோஸ், டேலி, பிரவுசர் மட்டும்தான் என்றால் தெரிந்த கம்பெனியின் மலிவான எஸ்எஸ்டியே போதும். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறினாலே மெஷின் பறக்கும். அங்கே கூடுதலாகக் காசு போடுவது வீண்.

எடிட்டிங் வேறு கதை. சாம்சங்கின் 870 க்யூவிஓ, 870 ஈவோ இரண்டுக்கும் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் எழுதும் என்றுதான் கம்பெனி கணக்கு. ஆனால் ஒரு டிபி க்யூவிஓ அந்த வேகத்தில் எழுதுவது முதல் 42 ஜிபி வரைதான். அது கேஷ், அதாவது வேகமாக எழுதத் தற்காலிகமாக ஒதுக்கிய இடம். அது நிரம்பியதும் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் சேர்த்து 200 ஜிபி காப்பி போட்டுப் பாருங்கள்: ஒன்றரை நிமிடம் உச்சத்தில் ஓடிய பச்சைக் கோடு சடாரென்று விழுந்து, மீதிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். காப்பி எடுக்கும் டிஸ்க்கும் வேகமாக இருந்தால் ஈவோ ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

காரணம், க்யூவிஓ சிப்பில் டேட்டா தங்கும் ஒவ்வொரு செல்லிலும் நான்கு பிட் எழுதும் க்யூஎல்சி. ஈவோ மூன்று பிட் எழுதும் டிஎல்சி. ஆயுளும் அப்படித்தான். ஒரு டிபி க்யூவிஓவுக்கு 360 டிபி எழுதும் வரை அல்லது 3 வருடம் வாரன்டி. ஈவோவுக்கு 600 டிபி, 5 வருடம். எந்த கம்பெனி என்றாலும் செல் வகை, டிபிடபிள்யூ (வாரன்டியில் எத்தனை டிபி எழுதலாம் என்ற கணக்கு) இரண்டையும் தேடிப் பாருங்கள். இரண்டுமே போடவில்லை என்றால் எடிட்டிங்குக்கு அதை வாங்காதீர்கள். ரிவ்யூ பார்த்து வாங்கினால் அதன் தேதியும் முக்கியம்: குரூஷியல் பி2 டிஎல்சியில் வந்து, 2021-ல் அதே பெயரிலேயே க்யூஎல்சிக்கு மாறியது.

பேக்கப்புக்கு நேர்மாறாகச் சொல்வேன். விலை கூடிய ஒரு டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது, திரும்பத் திரும்ப எழுதினால் மெதுவாகும்) என்றாலும் பரவாயில்லை, ஒருமுறை எழுதி எடுத்து வைப்பதுதானே. நாஸில் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு போடுவதாக இருந்தால் மட்டும், தடங்களை ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர்தான் வேண்டும். 2020-ல் டபிள்யூடி ரெட் வரிசையில் சில எஸ்எம்ஆர் என்று தெரிந்தபோது நாஸ் வைத்திருந்தவர்கள் கொதித்தது இதனால்தான். எஸ்எஸ்டியில் எழுதி வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைக்காதீர்கள். கரண்ட் இல்லாமல் கிடந்தால் செல்லில் உள்ள சார்ஜ் மெல்லக் கசியும், நம்ம ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம்.

அப்புறம், ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு '16 டிபி' என்று வருகிறதே, அது போலி. கொள்ளளவில் சந்தேகம் வந்தால் ரிட்டர்ன் தேதிக்குள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேரை ஓட்டிவிடுங்கள். டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். செகண்ட் ஹேண்ட் ஹார்டு டிஸ்க் என்றால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் 05, சி5 வரிகளின் (கெட்டுப்போன, கெடும் சந்தேகமுள்ள இடங்களின் கணக்கு) ரா வேல்யூ பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையா, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பரில் அச்சு வெளுத்துவிடும். ஐந்து வருட வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.