மக்கள் அறிவியல் குழுவில் சேர்ந்தவர்கள் பாதியில் நழுவாமல் இருக்க

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குச் சேலம் மூக்கனேரிக் கரையில் ஆசையாக வந்து நின்றவர்களில் பலரை மாசி பிறந்தால் காணவே காணோம். ஆர்வம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுப்பிய பறவைப் பட்டியலை யாராவது பார்த்தார்களா என்றே தெரியாமல் இருந்தால் யாருக்குத்தான் கை ஓடும்? பொதுமக்களே அறிவியலுக்குத் தகவல் சேர்க்கும் இப்படி ஒரு குழுவைச் சேலத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் வேலையைச் சின்னதாக்குங்கள். குறைந்தது 15 நிமிடம், கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமாக அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் (eBird) ஏற்றினால் போதும். மொட்டை மாடியே போதும், ஏற்காடு ஏற வேண்டாம். "காக்காவும் மைனாவும்தான் சார் இருந்துச்சு" என்று தயங்குவார்கள். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் விடாமல் எழுதிய முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதும் தகவல்தான் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, முதல் பட்டியலுக்கு அன்றைக்கே பதில். வெறும் 'நன்றி' வேண்டாம், அதில் உள்ள ஒரு பறவையைப் பற்றிக் கேளுங்கள்.

தவறு இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் திருத்தினால் அந்த ஆள் திரும்ப வருவது கஷ்டம். நீர்க்காகத்தைப் பாம்புத்தாரா என்று ஒரு அக்கா பதிந்திருந்தார். "அக்கா, படத்தைப் பெரிசாக்கி அலகு நுனியைப் பாருங்களேன், கொக்கி மாதிரி வளைந்திருந்தால் நீர்க்காகம், ஈட்டி மாதிரி நேராக இருந்தால் பாம்புத்தாரா" என்று எழுதினோம். அவரே மாற்றினார். அப்புறம் புதியவர்களுக்கு அதைச் சொல்லித் தருவதும் அவர்தான்.

சரி, தரவு எங்கே போகிறது என்று காட்டினீர்களா? எந்தப் பறவை எந்த வாரத்தில் எவ்வளவு தென்படுகிறது என்று காட்டும் சேலம் மாவட்டப் பட்டை வரைபடத்தை இ-பேர்டில் திறந்து, குளிர்காலத்தில் ஏற்காட்டுக்கு வலசை வரும் சாம்பல் வாலாட்டியைத் தேடி, "இதில் உங்கள் பட்டியலும் இருக்கு" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மழை நாளில் வெளியே போக முடியாதவர்களுக்கு, உயிரினப் படங்களைப் பதிந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளம் இருக்கிறது. படம், தேதி, இடம் சரியாக இருந்து, குறைந்தது இரண்டு பேர் அடையாளம் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒத்துப்போனால் பதிவு, ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்கது என்னும் ஆய்வுத் தரத்துக்கு ஏறும். வீட்டில் இருந்தபடியே பிறர் படங்களுக்குக் கைகொடுக்கலாம்.

தேர்வு, அறுவடை என்று சிலர் இரண்டு மாதம் காணாமல் போவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "ஏற்காட்டில் வாலாட்டி வந்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை போகிறோம், வர்றீங்களா?" என்று மட்டும் அனுப்புங்கள்.