டீச்சரின் படத்தோடு பள்ளிவாசலுக்கு வந்தால்: நிர்வாகிகளுக்கு ஒரு ராத்தா (அக்கா) எழுதுவது

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் 31 வருடம் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் டீச்சர் அழுதபடி என் வீட்டுக்கு வந்தார். ஆசிரியர் தினத்தன்று ஹபாயாவோடு எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, வேறோர் உடம்பில் ஒட்டி யாரோ பரப்பியிருந்தார்கள். அவருடைய வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறையிட்டார். செயலாளர் கெட்டவரில்லை. எல்லோருக்கும் தெரியட்டும் என்று அந்தப் படத்தை நிர்வாகக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போட்ட படம் இரவு இஷாவுக்குள் ஊர்க் குரூப்பில் கிடந்தது.

அதனால் முதல் வேலை, படத்தை உங்கள் போனுக்கு வாங்காமல் இருப்பது. ஒரே ஒரு பெண், ஓய்வுபெற்ற டீச்சரோ சட்டத்தரணியோ, பார்த்தால் போதும். பாதிக்கப்பட்டவரின் போனிலேயே ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டும். அனுப்பியவரின் இலக்கம், திகதி, நேரம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். பேஸ்புக் என்றால் பெயரை மட்டும் எழுதாதீர்கள், பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். அந்தக் கணக்கின் லிங்கைக் கொப்பி பண்ணி வையுங்கள். அனுப்பியவர் அழித்துவிடக்கூடும் என்பதால், இன்னொரு போனால் திரையை வீடியோ எடுப்பதும் நல்லது. பிளொக் பண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம், அந்த டீச்சர் பிள்ளையைப் பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஓஃபீஸுக்குக் கூப்பிடாதீர்கள். அவருடைய வீட்டில், உம்மாவோ ராத்தாவோ பக்கத்தில் இருக்க, ஒரு பெண் பேசட்டும். "ஏன் படம் போட்டாய்?" என்ற கேள்வி யார் வாயிலும் வரக்கூடாது. பாடசாலை விழாவில் எடுத்த படத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

தயங்கும் நிர்வாகிகளிடம் நான் குர்ஆனின் சூரத்துன் நூர் அத்தியாயத்தைத்தான் சொல்வேன். நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி மீது அவதூறு பரவியபோது, அதைக் கேட்டவுடனேயே நம்பிக்கையாளர்கள் நல்லெண்ணம் கொண்டு "இது தெளிவான அவதூறு" என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று 12ஆவது வசனம் கேட்கிறது. அங்கே கேள்வி கேட்கப்பட்டது கதையைக் கேட்டுப் பரப்பியவர்களிடம். நம் ஊரில் அந்தக் கேள்வி அந்தப் பிள்ளையிடம் திரும்பிவிடுகிறது. எனக்கு இன்னும் வலிப்பது இதுதான்.

பொலிஸுக்குப் போவதா என்று முடிவெடுப்பது டீச்சர். போவதென்றால் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கூடப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். பெண்கள், சிறுவர் பணியகத்தில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வருகிறது. ஐந்து வருடம் வரை சிறை உண்டு. "வெறும் மெசேஜ்தானே" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1938 மகளிர் உதவி இலக்கம். கணக்கை முடக்குவது பற்றிக் கேட்க கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) இருக்கிறது, இலக்கம் 101. வழக்குச் செலவுக்கு வசதியில்லாவிட்டால் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். பாடசாலை அதிபருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் அவரும் தயாராக இருக்க வேண்டும்.

கட்டாயம் ஒரு நாள் அனுப்பிய பொடியனின் வாப்பா நாலு பெரிய மனிதரோடு வருவார். "சின்னப் பொடியன், எதிர்காலம் இருக்கிறது" என்பார். சரி, கேளுங்கள், தேநீரும் கொடுங்கள். ஆனால் முறைப்பாட்டை வாபஸ் வாங்கு என்று பள்ளிவாசலின் பெயரால் அந்தப் பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். மன்னிப்பது அவருடைய உரிமை. நிர்வாகத்தின் கையில் அது இல்லை. பொடியனைக் கூப்பிட்டுக் கண்டிப்பதும், அவன் போனிலிருந்து படம் யார் யாருக்குப் போனது என்று விசாரிப்பதும் உங்கள் வேலை. ஆனால் அந்தப் போனில் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். பொலிஸ் பார்க்க வேண்டியது அது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசலாமா என்று குத்பா பிரசங்கம் செய்யும் கதீப்மார் கேட்கிறார்கள். பேசுங்கள், அந்தப் பிள்ளை சம்மதித்த பிறகு. பெயரும் பாடசாலையும் பாடமும் வரக்கூடாது. "நம் பக்கத்து டீச்சர் ஒருவர்" என்றால்கூட ஊர் கண்டுபிடித்துவிடும். வந்த படத்தை அனுப்புவதும் பாவம் என்பதை மட்டும் சொல்லுங்கள். குத்பா முடிந்ததும், உங்கள் நிர்வாகக் குரூப்பைத் திறந்து பழைய படம் ஏதாவது அங்கே கிடக்கிறதா என்று பாருங்கள்.